எண்ணூர் பச்சை ஆழியில் எச்எஸ்எஃப்1: மரபணுவைப் பிடிப்பதும், அது வேலை செய்வதைக் காட்டுவதும்

கேள்வி இது. தண்டையார்பேட்டையில் முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருவர், எண்ணூர் கழிமுகத்துப் பச்சை ஆழியில் (பாறையில் ஒட்டி வாழும், இரண்டு ஓடு கொண்ட மெல்லுடலி) வெப்ப அதிர்ச்சிக் காரணியான, அதாவது சூட்டில் காப்புப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும், எச்எஸ்எஃப்1-ன் மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் இயல்பைக் காட்ட நினைக்கிறார். ஆர்என்ஏ எடுப்பது, பிசிஆர், வரிசை அறிவது, கடைசியில் சூட்டில் வைத்த ஆழியில் அந்த மரபணு எத்தனை மடங்கு ஏறுகிறது என்று, எம்ஆர்என்ஏவின் அளவைச் சொல்லும் கியூபிசிஆரில் காட்டுவது. இதுதான் அவர் திட்டம். இது போதுமா என்கிறார்.

போதாது. முதல் பாதி சரி, கடைசிப் படிதான் சறுக்குகிறது. எச்எஸ்எஃப்1 புரதம் விலங்கின் செல்லில் ஏற்கனவே தயாராக இருக்கும். சாதாரண நேரத்தில் எச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்களோடு ஒட்டி, ஒற்றையாக, சும்மா கிடக்கும். சூடு ஏறினால் துணைப் புரதங்கள் குலைந்துபோன மற்ற புரதங்களைக் கவனிக்கப் போய்விடும். விடுபட்ட எச்எஸ்எஃப்1 மூன்று மூன்றாகச் சேர்ந்து, பாஸ்பேட் ஏற்றப்பட்டு, எச்எஸ்பி70 முதலான காப்புப் புரதங்களின் மரபணுக்களுக்கு முன்னால் இருக்கும் இயக்குபகுதியில், அதாவது புரோமோட்டரில், போய் உட்காரும். இதற்குப் புதிதாக எச்எஸ்எஃப்1 எம்ஆர்என்ஏ உண்டாகத் தேவையே இல்லை. ஆகவே கியூபிசிஆரில் ஒரு மாற்றமும் தெரியாதபோதும் காரணி முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கலாம். இரண்டு மடங்கு ஏறியது என்றால் அதனாலும் ஒன்றும் நிரூபணமாகாது. இந்த ஒரு வரைபடத்தை மட்டும் நம்பி எழுதப்படும் ஆய்வேடுகள் ஏராளம்.

படியெடுப்புக் காரணி (மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உண்டாவதைக் கட்டுப்படுத்தும் புரதம்) என்று ஒன்றைச் சொல்ல மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த டிஎன்ஏ வரிசையைப் பிடிக்கிறது? பிடித்த இடத்தில் படியெடுப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? உயிருள்ள விலங்கில் அதே இடத்தில் அது நிஜமாகவே உட்காருகிறதா? மரபணுவைக் கையில் எடுப்பது இந்த மூன்றுக்கும் நுழைவாயில், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நுழைவாயிலே பெரிய போராட்டம். 1980-களில் புரதத்திலிருந்து பின்னோக்கிப் போனார்கள். பிடிக்கும் டிஎன்ஏ வரிசையை மணிகளில் ஒட்டி, செல் சாற்றை அதன் வழியே ஓட்டி, ஒட்டிக்கொண்ட புரதத்தைக் கழுவி எடுத்து, அதன் சில துண்டுகளின் அமினோ அமில வரிசையை அறிந்து, அதை வைத்து சிடிஎன்ஏ (எம்ஆர்என்ஏவிலிருந்து செய்த டிஎன்ஏ நகல்) நூலகத்தில் தேடினார்கள். எஸ்பி1 என்ற மனிதக் காரணி அப்படித்தான் கிடைத்தது. பழ ஈயின் எச்எஸ்எஃப் புரதம் 1987-ல் சுத்திகரிக்கப்பட்டது, மரபணு கைக்கு வந்தது 1990-ல். 1988-ல் இன்னொரு வழி வந்தது: பாக்டீரியாவில் புரதம் உண்டாக்கும் நூலகத்தின் மேல் கதிரியக்கம் ஏற்றிய டிஎன்ஏ வரிசையை ஊற்றி, எந்தக் குளோன் பிடிக்கிறது என்று பார்ப்பது. இன்றைக்கு உங்களுக்கு இந்த இரண்டும் வேண்டாம். பச்சை ஆழியின் ஜீனோமே 2021-ல் வெளியாகிவிட்டது. அதனால் நேரத்தைப் பின்பாதிக்கு மிச்சம் பிடியுங்கள்.

முதலில் விலங்கு. காசிமேட்டில் ஐஸில் கிடக்கும் ஆழியை வாங்காதீர்கள். ஐஸ் பாரை உடைத்துக் கொட்டினால் கிடைப்பது பூஜ்ஜியம் டிகிரி. மீன் கெடாமல் இருக்க அது போதும், ஆர்என்ஏ அதில் மெல்லச் சிதையும். அதைவிடப் பெரிய சிக்கல், விலங்கு எவ்வளவு நேரம் வெயிலிலும் ஐஸிலும் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெப்ப அதிர்ச்சியை அளக்கப்போகும் ஆய்வில் அதுவே ஓர் அதிர்ச்சி. காட்டுக்குப்பம் பக்கம் ஆழி எடுக்கும் மீனவர்களிடம் சொல்லிவைத்து, பாறையிலிருந்து இழைகளைக் கத்தரியால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். பிடித்து இழுத்தால் காலும் இழை சுரக்கும் இடமும் கிழியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மதிய வெயிலில் வாளியோடு நின்றால் ‘கட்டுப்பாட்டு’ விலங்குக்கும் சூடேறிவிடும். விடியற்காலையில் போய், காற்றேற்றிய கழிமுகத் தண்ணீரிலேயே கொண்டுவாருங்கள்.

களத்து நிலையையே அளப்பதாக இருந்தால் கரையிலேயே ஓட்டைத் திறந்து செவுளை வெட்டுங்கள். துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. எடையைப் போல ஐந்து மடங்கு ஆர்என்ஏ லேட்டர் என்ற பாதுகாப்புத் திரவத்தில் போட்டு, ஓரிரவு 4 டிகிரியில் ஊறவிட்டு, பிறகு மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். துண்டு தடிமனாக இருந்தால் திரவம் உள்ளே போகாது, நடுப்பகுதி அழுகும்.

ஆய்வகத்தில் சூடு கொடுப்பதாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் 28 டிகிரியில், நிலையான உப்புத்தன்மையில் பழக்குங்கள். இதைத் தவிர்க்கவே முடியாது. கலிஃபோர்னியக் கரையோரத்து கோபி மீனில், பழகிய வெப்பநிலை மாறினால் எச்எஸ்எஃப்1 விழிக்கும் வெப்பநிலையும் மாறுகிறது என்று 2000-களின் தொடக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். எண்ணூரில் இது இன்னும் முக்கியம். அனல்மின் நிலையங்களின் வெந்நீரும் சாம்பலும் ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலையாறு கொண்டுவரும் நன்னீர் ஒரு பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்தது. இந்தக் கழிமுகத்து விலங்கை மட்டும் எடுத்துக்கொண்டு ‘இது வெப்பத்தின் விளைவு’ என்று எழுத முடியாது. ஒப்பிட சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வேண்டும், இரண்டையும் ஒரே பருவத்தில் எடுக்க வேண்டும். இன்னொன்று: தொந்தரவு வந்தால் ஆழி ஓட்டை மூடிக்கொள்ளும். மூடினால் உள்ளே ஆக்சிஜன் குறையும், நீங்கள் அளப்பது வெப்பமா மூச்சுத்திணறலா என்று குழம்பும். சூட்டின்போது எத்தனை ஓடு திறந்திருந்தது என்று எழுதி வையுங்கள்.

ஆர்என்ஏ எடுக்க டிரைசால் போதும்: 1 மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் செவுள். குளோரோஃபார்ம் 0.2 மில்லிலிட்டர், 12,000 ஜி-யில் 15 நிமிடம், 4 டிகிரி. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. மெல்லுடலிகளின் செவுளில் வழவழப்பான கூட்டுச்சர்க்கரை நிறைய. வெறும் ஐசோபுரோப்பனால் ஊற்றினால் அதுவும் ஆர்என்ஏவோடு சேர்ந்து இறங்கும். கட்டி ஜெல்லி போலத் தெரியும், 260, 230 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் ஒன்றுக்குக் கீழே போகும், அடுத்து சிடிஎன்ஏ வினை நடக்காது. இதற்கு அரை மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனாலுக்குப் பதில் கால் மில்லிலிட்டர் ஐசோபுரோப்பனாலும், கால் மில்லிலிட்டர் உப்புக்கரைசலும் சேருங்கள். கரைசலில் 0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் சோடியம் குளோரைடு. சர்க்கரை கரைசலிலேயே தங்கும், ஆர்என்ஏ மட்டும் படியும். 75 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவுங்கள்.

ஜெல்லில் ஓட்டும்போது ரைபோசோம் ஆர்என்ஏவின் 28எஸ் பட்டை காணவில்லை என்று பயப்பட வேண்டாம். ஆழி போன்ற பல முதுகெலும்பற்றவைகளின் 28எஸ் ஆர்என்ஏவில் நடுவில் மறைவான ஒரு வெட்டு உண்டு. சூடாக்கியதும் அது இரண்டாகப் பிரிந்து 18எஸ் அளவிலேயே வந்து நிற்கும். அதனால் ஒரே பட்டைதான் தெரியும், கருவி தரும் ஆர்ஐஎன் என்ற ஆர்என்ஏ தர எண்ணும் அர்த்தமில்லாமல் இறங்கும். கீழே இழுவல் இல்லாமல் பட்டை கூர்மையாக இருந்தால் ஆர்என்ஏ நல்லது. ஆர்ஐஎன் 7-க்குக் கீழே என்று சீக்வென்சிங் நிறுவனம் மாதிரியைத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லிப் பேசுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால் முன்னதாகவே தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். அலுவலகம் தரமணியில்தான்.

மரபணுவைத் தேடுவது கணினி வேலை. ஜீனோமிலும் டிரான்ஸ்கிரிப்டோமிலும் மனித எச்எஸ்எஃப்1-ன் டிஎன்ஏ பிடிக்கும் பகுதியை டிபிளாஸ்ட்-என் வழியாக ஓட்டுங்கள். கூடவே பிஃபாம் தளத்தின் எச்எஸ்எஃப் மாதிரியை, பிஎஃப்00447, ஹெச்எம்எம்இஆரில் ஓட்டுங்கள். முழுப் புரதத்தை வைத்துத் தேடினால் குழப்பம்தான் வரும். காரணிகளின் மற்ற பகுதிகள் வேகமாக மாறிவிடும், டிஎன்ஏ பிடிக்கும் சுமார் 100 அமினோ அமிலங்கள் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அப்படியே நிற்கும்.

ஜீனோம் இல்லாத விலங்கில் வேலை செய்பவர்களுக்கு டீஜெனரேட் பிரைமர்தான் (ஒரே அமினோ அமில வரிசைக்குப் பொருந்தும் எல்லா டிஎன்ஏ வடிவங்களின் கலவை) கதி, அதுவும் இதே பகுதியில்தான். எச்எஸ்எஃப்-ல் அஸ்பராஜின், மெத்தியோனின், டைரோசின், கிளைசின், ஃபினைல்அலனின் என்று வரும் ஐந்து எழுத்து விலங்குகளில் நன்றாக நிலைத்திருக்கிறது. அதன் மாற்றுவடிவங்கள் 2×1×2×4×2 = 32 மட்டுமே. லூசின், செரின், ஆர்ஜினின் மூன்றுக்கும் ஆறாறு கோடான்கள் என்பதால் அவை பிரைமரின் 3’ முனையில் வரவே கூடாது. மொத்தம் 128-ஐத் தாண்டினால் பட்டைக்குப் பதில் இழுவல்தான் கிடைக்கும்.

துண்டு கிடைத்ததும் இரு முனைகளையும் எட்டிப் பிடிக்கும் ரேஸ் முறை, அல்லது ஜீனோம் கணிப்பை வைத்து நேரடியாக முழு ஓஆர்எஃப், அதாவது புரதமாக மாறும் பகுதி முழுவதும். மனித எச்எஸ்எஃப்1-க்கு 529 அமினோ அமிலம், அதாவது 1.6 கிலோபேஸ் அளவு. உங்களுடையதும் அந்தச் சுற்றில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஃப்யூஷன் அல்லது கியூ5 பாலிமெரேஸ் பயன்படுத்துங்கள். அவை மழுங்கிய முனை விடுபவை. டிஏ குளோனிங் செய்வதானால் டாக் பாலிமெரேஸோடு 72 டிகிரியில் 20 நிமிடம் வைத்து ஒரு ஏ சேர்க்க வேண்டும், மறந்தால் ஒரு குளோனும் வராது. ஒரு சாங்கர் ஓட்டம் நம்பகமாக 700-800 பேஸ் வரைதான் தரும், நடுவில் உள்பிரைமர் வேண்டும்.

எத்தனை குளோன் என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிரிகளில் ஆளுக்கு ஆள் வரிசை வேறுபாடு மிக அதிகம். இரண்டு குளோன் ஒத்துப்போகாவிட்டால் அது பாலிமெரேஸ் பிழையா, இரண்டு அல்லீலா, வேறு ஸ்ப்ளைஸ் வடிவமா (ஒரே மரபணுவின் துண்டுகள் வேறு விதமாக ஒட்டிய எம்ஆர்என்ஏ) என்று சொல்ல, ஒரே விலங்கிலிருந்து குறைந்தது ஐந்து குளோன், தனித்தனியாகச் செய்த இரண்டு பிசிஆரிலிருந்து வேண்டும். பாலூட்டிகளில் எச்எஸ்எஃப்1-க்கு ஆல்ஃபா, பீட்டா என்று ஸ்ப்ளைஸ் வடிவங்கள் உண்டு. ஆழியில் அப்படி ஒன்று கிடைத்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். வரிசையை ஜீனோமோடு பொருத்தி, இன்ட்ரான் எல்லைகளில் ஜிடி-ஏஜி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பிளாஸ்ட் முதல் வரியில் ‘எச்எஸ்எஃப்1’ என்று வந்தால் உங்கள் மரபணு எச்எஸ்எஃப்1 ஆகிவிடாது. எச்எஸ்எஃப்1, 2, 4 மூன்றும் முதுகெலும்பிகளின் பரம்பரையில் பெருகியவை. பழ ஈக்கு ஒரே ஒரு எச்எஸ்எஃப். ஆழியின் மரபணு அந்த மூன்றுக்கும் பொதுவான பங்காளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாஃப்டில் வரிசைகளை அடுக்கி, ஐக்யூ-ட்ரீயில் மரம் வரைந்து, மூன்று முதுகெலும்பிக் கிளைகளுக்கும் வெளியே அது நின்றால் ‘எச்எஸ்எஃப்’ என்று மட்டும் ஜென்பேங்கில் பதிவிடுங்கள். அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 95-க்குக் கீழே இருக்கும் கிளையை வைத்து வாதம் செய்யாதீர்கள்.

கியூபிசிஆர் செய்யத்தான் போகிறீர்கள், செய்யுங்கள், ஆனால் அளக்க வேண்டியது எச்எஸ்பி70-ஐ. காரணி விழித்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. எச்எஸ்பி70 ஒரே மரபணு என்று நினைக்க வேண்டாம். பசிபிக் சிப்பியின் ஜீனோமில் 88 இருந்தன. சூட்டுக்கு ஏறும் வடிவத்துக்கென்று தனிப் பிரைமர் வேண்டும். அப்படி ஏறும் எச்எஸ்பி70-களில் பலவற்றுக்கு இன்ட்ரான் கிடையாது, ஆகவே டிஎன்ஏ கலப்படம் பிசிஆர் துண்டின் அளவில் தெரியாது. டிஎன்ஏஸ் போட்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாயையும் கட்டாயம் ஓட்டுங்கள். ஒப்பீட்டு மரபணுவாக பீட்டா ஆக்டினை மட்டும் வைக்காதீர்கள், குறைந்தது மூன்று மரபணு வேண்டும்.

இனி உண்மையான வேலை: ஜெல் ஷிஃப்ட் எனப்படும் எம்சா. புரதம் பிடித்த டிஎன்ஏ ஜெல்லில் மெதுவாக நகரும், அதனால் பட்டை மேலே நிற்கும். பிடிக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்வது.

பாக்டீரியாவில் முழுப் புரதத்தை உண்டாக்கினால் பெரும்பாலும் கரையாத கட்டியாகப் போகும். டிஎன்ஏ பிடிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் நன்றாகக் கரையும், ஆனால் மூன்றாகச் சேர உதவும் லூசின் ஜிப்பர் பகுதி இல்லாததால் பிடி தளர்ந்து பட்டையே தெரியாது. இரண்டையும் சேர்த்து, கடைசிச் செயலூக்கப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு பிஇடி-28ஏ பிளாஸ்மிடில் போடுங்கள். பிஎல்21 டிஇ3 செல், 0.1 முதல் 0.2 மில்லிமோலார் ஐபிடிஜி, 16-18 டிகிரியில் ஓரிரவு. இதற்கு முன் உங்கள் கல்லூரியின் உயிரிப்பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

நிக்கல் தூணில் எடுத்த புரதத்தை உடனே நம்பாதீர்கள். டிஎன்ஏ பிடிக்கும் புரதம் பாக்டீரியாவின் டிஎன்ஏ, ஆர்என்ஏவையும் பிடித்துக்கொண்டே வரும். 260-க்கு 280 விகிதம் 0.6 அருகில் இருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் அழுக்கு இருக்கிறது. தூணில் இருக்கும்போதே 1 மோலார் சோடியம் குளோரைடால் கழுவுங்கள், அல்லது ஹெப்பாரின் தூணில் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

புரோப், அதாவது புரதம் பிடிக்க வேண்டிய அடையாளமிட்ட டிஎன்ஏ துண்டு, 25-30 பேஸ் ஜோடி, நடுவில் என்-ஜிஏஏ-என் என்ற ஐந்தெழுத்து அலகு மூன்று, ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக. மூவர் கூட்டு மூன்று அலகையும் பிடிக்கும். பொதுப்படையான வரிசையோடு நிற்காமல், ஆழியின் எச்எஸ்பி70 புரோமோட்டரில் உள்ளதையே ஜீனோமிலிருந்து எடுத்து இன்னொரு புரோப் செய்யுங்கள். பேப்பரின் மதிப்பு அதில்தான். கதிரியக்கத்துக்கு உரிமம் வேண்டும், எனவே பயோடின். இரு இழைகளையும் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து மெதுவாக ஆறவிடுங்கள்.

20 மைக்ரோலிட்டர் வினையில் 20 ஃபெம்டோமோல் புரோப், 1 மைக்ரோகிராம் பாலி டிஐ-டிசி (வரிசை பார்க்காமல் ஒட்டும் புரதங்களை இழுத்துக்கொள்ளும் செயற்கை டிஎன்ஏ). முன்கூட்டியே ஓட்டிய 5 சதவீத நேட்டிவ் ஜெல், 0.5 மடங்கு டிபிஇ, 100 வோல்ட், குளிர் அறையில். தடங்களில் புரோப் மட்டும், புரதத்தோடு, அதோடு 200 மடங்கு பயோடின் இல்லாத புரோப், அதே அளவு ஜிஏஏ-க்களைக் கெடுத்த புரோப். இந்தக் கடைசித் தடம் இல்லாத எம்சாவை நல்ல ரெஃபரி ஏற்க மாட்டார். கெடுக்காத போட்டியாளர் பட்டையை அழிக்க வேண்டும், கெடுத்தது அழிக்கக் கூடாது. இரண்டும் அழித்தால் உங்கள் புரதம் எந்த டிஎன்ஏவையும் பிடிக்கிறது என்று அர்த்தம், பாலி டிஐ-டிசியையும் உப்பையும் ஏற்றிப் பாருங்கள். நிழல் முழுதும் குழியிலேயே நின்றால் புரதம் அதிகம் அல்லது திரண்டிருக்கிறது. பட்டைக்கும் புரோப்புக்கும் நடுவே இழுவல் என்றால் ஓடும்போதே கூட்டு பிரிகிறது, ஜெல் சூடாகியிருக்கும். மே மாதத்தில் குளிர் அறை சரியாக வேலை செய்யாவிட்டால் ஐஸ் பெட்டிக்குள்ளேயே டேங்கை வைத்து ஓட்டலாம்.

இதே புரோப்பை வைத்து இன்னொரு சோதனையும் செய்யலாம், செலவே இல்லை: சூடு கொடுத்த, கொடுக்காத ஆழிகளின் செவுள் சாற்றை நேரடியாக எம்சாவில் ஓட்டுவது. சூட்டில் மட்டும் பட்டை வந்தால், விலங்குக்குள் காரணி விழிப்பதை நேரடியாகக் காட்டிவிட்டீர்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். புரோட்டியேஸ் தடுப்பானும் பாஸ்பட்டேஸ் தடுப்பானும் சேர்த்து, சாற்றை ஐஸிலேயே வைத்திருங்கள்.

பிடிக்கிறது சரி, செயலூட்டுகிறதா? கடலின் இரட்டை ஓட்டு உயிரிகளுக்கு நம்பகமான செல் வரிசை கிடையாது. ஹெச்இகே என்ற மனித செல்லில் போடுவது வழக்கம், ஆனால் அது 37 டிகிரியில் வளர்வது. 28 டிகிரிக்குப் பழகிய ஆழியின் காரணி அங்கே எப்போதும் விழித்தே இருக்கக்கூடும், கூடவே மனித எச்எஸ்எஃப்1-ம் இருக்கிறது. என் தேர்வு பழ ஈயின் எஸ்2 செல். 25 டிகிரியில் வளரும், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை, சின்னக் கல்லூரிக்கும் எட்டும். அதன் சொந்த எச்எஸ்எஃப் தொந்தரவு செய்யும், அதற்கும் வழி உண்டு: சீரம் இல்லாத மீடியத்தில் இரட்டை இழை ஆர்என்ஏவைக் கலந்தாலே எஸ்2 செல் அதை உறிஞ்சி, சொந்த மரபணுவை அடக்கிவிடும். பிறகு ஆழியின் எச்எஸ்எஃப்-ஐக் கொடுத்து, ஆழி எச்எஸ்பி70 புரோமோட்டர் மாட்டிய லூசிஃபெரேஸின் (ஒளி தரும் நொதி) ஒளி மீள்கிறதா என்று பாருங்கள். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் இன்னொரு ஒளிரும் நொதியான ரெனில்லா பிளாஸ்மிடின் புரோமோட்டர் சூட்டுக்கு அசைகிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். அசைந்தால் எல்லா விகிதமும் பொய்யாகும். இன்னும் மலிவு வேண்டுமானால் ஈஸ்ட். ஈஸ்ட்டுக்கு எச்எஸ்எஃப் இல்லாமல் உயிர் இல்லை. மனித எச்எஸ்எஃப்2 அந்த இடத்தை நிரப்பும், எச்எஸ்எஃப்1 அப்படியே கொடுத்தால் நிரப்பாது என்று 1997-ல் காட்டினார்கள். ஆழியுடையது எந்தப் பக்கம் நிற்கும் என்று, ஈஸ்ட்டின் சொந்த எச்எஸ்எஃப் பிளாஸ்மிடை இழந்த செல் மட்டும் வளரும் 5-எஃப்ஓஏ தட்டில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது உயிருள்ள விலங்கில் காரணி எந்த டிஎன்ஏவில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆன்டிபாடியால் பிடித்துப் பார்ப்பதற்கு, சிப் சோதனை உண்டு. அதை இப்போது தொட வேண்டாம். மனித எச்எஸ்எஃப்1 ஆன்டிபாடி ஆழியுடையதைப் பிடிக்கும் என்று கேட்டலாக் சொன்னால் முதலில் வெஸ்டர்னில் பாருங்கள். சரியான அளவில் ஒரே பட்டை, சூட்டில் அது சற்று மேலே நகர்வது, இவை இரண்டும் தெரியாவிட்டால் அந்த ஆன்டிபாடியை சிப்பில் போடுவது பண விரயம்.

ஆறு மாத ப்ராஜெக்ட் என்றால் இந்த வரிசை: முதல் மாதம் கணினித் தேடலும் விலங்குகளைப் பழக்குவதும். இரண்டாம் மாதம் முழு ஓஆர்எஃப், ஐந்து குளோன், மரம். மூன்றாவதில் புரதம், நான்கில் இரண்டு எம்சாவும். புரதம் கரையாமல் இழுத்தடித்தால் செவுள் சாற்று எம்சாவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் புரதம் தேவையில்லை. எஸ்2 செல் கைவசம் இருக்கும் ஆய்வகம் கிடைத்தால் ஐந்தாம் மாதம் லூசிஃபெரேஸ், கிடைக்காவிட்டால் ஈஸ்ட். கடைசி மாதத்தை எழுதுவதற்கு விட்டுவைத்து, எச்எஸ்பி70 கியூபிசிஆரை இடையிடையே கிடைக்கும் நாட்களில் முடியுங்கள்.